கட்டக்கோடு போட்டு எடுத்தும் படம் நிற்கவில்லை: காம்போசிஷனை (படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதை) எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம்_தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு குடியாத்தம், வேலை வேலூரில். கொஞ்ச நாள் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் கேமராவும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் வாங்கினேன். கேமரா கையில் இல்லாதபோது போன். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. படம் ஆடுவதில்லை, இருட்டாக வருவதும் இல்லை. ஆனால் யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்கிறார்கள், அதாவது படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து முக்கியமானதைக் கோட்டில் வைக்கிற விதி. கேமராவிலும் போனிலும் ஒன்பது கட்டம் போட்டுக்கொண்டேன். கோடு வெட்டுகிற இடத்தில்தான் ஆளை நிறுத்துகிறேன். படம் சரியாக இருக்கிறது, ஆனால் நன்றாக இல்லை. சரியாக இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மூன்று படம் இணைத்திருக்கிறேன். முதல் படம் வேலூர் கோட்டை அகழி, மாலை ஐந்தரை மணிக்கு ஊர்ப் பக்கத்தில் இருந்து எடுத்தது. மதில் மேல் கோட்டில் இருக்கிறது, தண்ணீர் கீழே. இரண்டாவது பொய்கை மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை காலை. தரகரும் மாட்டுக்காரரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறார்கள். மூன்றாவது எங்க ஆயா. பின்கட்டில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து முள்ளு கத்தரிக்காய் நறுக்குகிறார்.

தயவுசெய்து மனது நோகும் என்று பார்க்காமல் சொல்லுங்கள். வகுப்பில் சேர வேண்டுமா, வேறு லென்ஸ் வேண்டுமா, அல்லது பார்க்கிற விதத்தையே மாற்ற வேண்டுமா?


காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

வாங்க சகோ. நான் போனில் மட்டுமே எடுப்பவன், அதனால் லென்ஸ் பற்றிப் பேசப் போவதில்லை.

முதல் படத்தில் தண்ணீர் மட்டம் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் தண்ணீர் சாய்ந்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். கட்டக்கோட்டின் முதல் பயன் இதுதான்: மட்டம் பார்ப்பது. ஆளை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அப்புறம்.

மூன்றாவது படத்தை நின்றுகொண்டு எடுத்திருக்கிறீர்கள். ஆயா தரையில் இருக்கிறார். நீங்களும் தரையில் உட்காருங்கள். அவர் கண் மட்டத்துக்குக் கேமரா வந்தாலே முகம் வேறு மாதிரி ஆகிவிடும். மேலே இருந்து எடுத்தால் உச்சந்தலையும் சிமெண்ட் தரையும்தான் படத்தை நிறைக்கும்.

போனில் எடுப்பதானால் முகத்துக்கு மிகப் பக்கத்தில் போகாதீர்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலமானது, ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 24, 26 எம்எம் அளவு. பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகிவிடும். இரண்டடி பின்னால் வந்து 2 எக்ஸ் போட்டு எடுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.


பழைய_ஸ்டுடியோ எழுதியது:

அம்மா, உன் கேள்வியைப் பார்த்து எனக்கு ரொம்ப சந்தோஷம். படம் சரியாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று தானாகவே கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. அது தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லிக்கொடுக்கலாம்.

நான் வேலூரில் ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் வேலை செய்தவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோ, எல்லாம். அப்போது எங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோக்களில் யாஷிகா டிஎல்ஆர், அதாவது இரட்டை லென்ஸ் கேமராதான் குதிரை மாதிரி உழைக்கும். 120 என்கிற ஃபிலிம் ரோல் ஒன்றில் 12 படம்தான் வரும், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்துவோம். அந்தக் கேமராவில் குனிந்து மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். மாப்பிள்ளை இடது பக்கம் நின்றால் கண்ணாடியில் வலது பக்கம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் தலை சுற்றும். ஆனால் அந்தக் கண்ணாடிதான் எனக்குக் காம்போசிஷன் கற்றுக்கொடுத்தது. இடம் வலம் மாறியதும் "மாப்பிள்ளை" என்பது மறந்துபோய் இங்கே ஒரு வெள்ளை, அங்கே ஒரு கறுப்பு, இந்த மூலையில் ஒரு கனம் என்று வடிவமாகத் தெரியத் தொடங்கும். நீ இதை இன்றைக்கே செய்யலாம். எடுத்த படத்தைப் போனில் தலைகீழாகத் திருப்பிப் பார். ஆயாவா மாடா என்பது மறைந்து, எது கண்ணை இழுக்கிறது என்பது மட்டும் நிற்கும்.

சரி, சந்தைப் படத்துக்கு வருகிறேன். மூன்றில் அதுதான் உன் நல்ல படம். அதாவது நல்ல படமாக ஆகியிருக்க வேண்டியது.

நீ எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினாய்? துண்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கையை. விலை இன்னொருவருக்குத் தெரியாமல் விரலிலேயே பேசி முடிக்கிற அந்த ரகசியத்தை. ஆனால் படத்தில் அந்தத் துண்டு எவ்வளவு இடத்தில் இருக்கிறது பார். தீப்பெட்டி அளவு. மீதி முழுக்க என்ன? பின்னால் டீக்கடை பேனரில் கொட்டை எழுத்து. மினி லாரியின் நம்பர் பிளேட். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பையன். மனிதக் கண் முகத்துக்கு முதலில் போகும், எழுத்து இருந்தால் படிக்காமல் விடாது, வெளிச்சமான இடம் எங்கே இருந்தாலும் அங்கே ஓடும். உன் படத்தில் பையனும் பேனரும் லாரியும் சேர்ந்து துண்டைத் தோற்கடித்துவிட்டன. துண்டைக் கட்டக்கோட்டில் சரியாக வைத்திருக்கிறாய். இருந்தும் அது தோற்றுவிட்டது. கட்டக்கோடு எதையும் சேர்க்காது, எதையும் நீக்காது. நீக்குகிற வேலையைக் காலால்தான் செய்ய வேண்டும்.

அவர்களுக்கு இடது பக்கம் ஒரு செவலை மாடு நிற்கிறது, தெரிகிறதா? நீ வலது பக்கமாக நாலு அடி நகர்ந்திருந்தால் அந்த மாட்டின் விலாப்புறம் முழுவதும் அவர்களுக்குப் பின்னால் வந்திருக்கும். பேனர் போச்சு, லாரி போச்சு. ஒரே நிறத்தில் செம்மண் சுவர் மாதிரி ஒரு பின்னணி, அதன்மேல் வெள்ளைத் துண்டு. எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: முதலில் பின்னணியைத் தேர்ந்தெடு, ஆள் தானாக வருவான். சந்தையில் பேரம் ஒன்றா நடக்கிறது? நல்ல பின்னணி கிடைத்த இடத்தில் நின்றுகொண்டால் அங்கேயே இன்னொரு பேரம் நடக்கும். ஆளைத் துரத்திக்கொண்டு போகிறவர்களுக்குக் கிடைக்கிற பின்னணிதான் கிடைக்கும்.

இன்னொரு பழக்கம். அழுத்துவதற்கு முன் நடுவைப் பார்த்தது போதும் என்று கண்ணை எடுத்து நாலு ஓரத்தையும் ஒரு சுற்று பார். இடது ஓரம், மேல் ஓரம், வலது ஓரம், கீழ் ஓரம். உன் மூன்று படத்திலும் நடுவில் இருப்பதைவிட ஓரத்தில்தான் சிக்கல். சந்தைப் படத்தில் ஒரு மாட்டின் பாதிக் காது, யாருடையது என்றே தெரியாத ஒரு முழங்கை. உள்ளே இருந்தால் முழுதாக இருக்கட்டும், இல்லையென்றால் முழுதாக வெளியே போகட்டும். அரைகுறையாக நிற்பதை எல்லாம் கண் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆயா படத்தில் அவரை வலது கோட்டில் வைத்திருக்கிறாய், ஆனால் அவர் வலது பக்கமே பார்க்கிறார். பார்வை உடனே படத்தின் சட்டத்தில் (ஃபிரேமில்) முட்டி நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது. பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும். அதைவிட முக்கியம், அவர் கையும் கத்தரிக்காயும் கீழ் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. அந்த வயதில் அந்தக் கை செய்கிற வேலைதானே படம்? முகத்தையும் கையையும் சேர்த்துக் கட்டு. பின்கட்டு சின்ன இடம் என்று தெரிகிறது. உன் கேனானில் 50 எம்எம் லென்ஸ் போட்டால், சென்சார் சிறியது என்றால், ஃபுல் ஃபிரேமில் 80 எம்எம் போடுவது போலத்தான் தெரியும். முகம் எடுக்க அருமையான அளவு, சின்ன இடத்துக்கு நெருக்கடி. பின்னால் போக இடமில்லை என்றால் காட்பாடி தம்பி சொன்ன மாதிரி போனை எடு. அல்லது கையை மட்டும் எடு, முகம் பின்னால் மங்கலாக இருக்கட்டும்.

அந்த நீல பிளாஸ்டிக் பக்கெட்டை நகர்த்திவிடு. படத்திலேயே அதுதான் பளிச்சென்று இருக்கிறது. சந்தையில் எதையும் தொடக்கூடாது, அங்கே நாம் வேடிக்கை பார்ப்பவர்கள். நம் வீட்டில் பக்கெட்டை நகர்த்துவது தப்பில்லை. ஆயாவையும் கேட்டுப் பார், பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாரா என்று. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் முகச்சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும், முள்ளு கத்தரியின் காம்பில் இருக்கும் முள்கூடத் தெரியும்.

அகழிப் படத்தில் சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கோட்டையின் அந்தப் பக்கம் கிழக்கு. மாலையில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடுகிறது, மதில் முழுக்க நிழல், வானம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. காலையில் போ. வெயில் நேராக மதிலில் விழும், கருங்கல்லின் ஒவ்வொரு இணைப்பும் தெரியும், காற்று இல்லாத நாளில் தண்ணீரிலும் பாதிக் கோட்டை இருக்கும். அப்புறம் நேர் எதிரே நிற்காதே. நேர் எதிரே நின்றால் மதில் இடதுகோடி முதல் வலதுகோடி வரை ஒரு கோடு, கண் அதில் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். மதில் மடங்கிக் கொத்தளம் முன்னே தள்ளி நிற்கிற மூலை இருக்கிறதே, அங்கே போய்ச் சாய்வாக நில். அகழிக் கரை உன் காலடியில் இருந்து தொடங்கிக் கொத்தளம் வரை போகட்டும். கண்ணுக்கு ஒரு வழி, போய்ச் சேர ஓர் இடம். அது போதும்.

வகுப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவசரமில்லை. லென்ஸ் கண்டிப்பாக வேண்டாம். அந்த 50ஐயே ஒரு வருஷம் வைத்துக்கொள். ஜூம் இல்லாததால் நீ நடந்தே ஆக வேண்டும், நடக்க நடக்கத்தான் இது வரும்.


கல்தூண் எழுதியது:

ஸ்டுடியோ சார் சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன். கட்டக்கோட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்பது கேமராவுக்காக வந்த விதி அல்ல. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797ல் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதும்போது இந்தப் பெயரில் சொன்னது. அவர் கேட்டது எளிய விஷயம்: வானம் பாதி, நிலம் பாதி என்று சரிபாதியாகப் பிரிக்காதே, எது முக்கியமோ அதற்கு அதிக இடம் கொடு. இப்படிப் பார்த்தால் அது உயிருள்ள யோசனைதான். புள்ளியில் ஆளை நிறுத்துகிற சூத்திரமாக ஆக்கியதுதான் சலிப்பு தருகிறது. பாலாற்றுப் பாலத்தில் இருந்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மேகம் நன்றாக இருந்தால் மணலுக்குக் கொஞ்சம், வானத்துக்கு நிறைய. வெறும் வெளுத்த வானம் என்றால் மணலுக்கே முழு இடமும் கொடுத்து, தூரத்தில் ஆற்றைக் கடக்கிற ஓர் ஆள் வரும் வரை நிற்கலாம். ஆள் சின்னதாக இருந்தால்தான் ஆறு எவ்வளவு அகலம் என்று தெரியும்.

நடுவில் வைப்பது தவறு என்று சில வீடியோக்களில் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். யாளியும் முன்னங்காலைத் தூக்கிய குதிரையும் வரிசையாக நிற்கின்றன. அதைக் கட்டியவர்கள் நடுக்கோடு வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அங்கே மூன்றில் ஒரு பங்கு பார்த்து ஓரமாக நின்றால் மண்டபத்தோடு சண்டை போடுகிற மாதிரி ஆகும். சரியாக நடுவில் நில்லுங்கள், தரைக் கல்லின் இணைப்பைப் பார்த்து நடுவைக் கண்டுபிடிக்கலாம். கேமராவைத் தூணின் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து மட்டமாகப் பிடியுங்கள். நடு என்றால் துல்லியமான நடு, இல்லையென்றால் தெளிவாக விலகி. கொஞ்சமாக விலகியிருப்பதுதான் கைதவறிய மாதிரித் தெரியும்.

கோபுரத்துக்கு அடியில் நின்று கேமராவை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவது போல வரும். எவ்வளவு பின்னால் போக முடியுமோ போய், கேமராவை நேராகப் பிடித்து, கீழே அதிகமாக வரும் தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள். சிற்பத்துக்கு ஃபிளாஷ் போடவே கூடாது. நேர் வெளிச்சத்தில் குதிரையின் கழுத்து மடிப்பெல்லாம் தட்டையாகிவிடும். சாய்வான வெளிச்சம் தூணைத் தொடுகிற நேரம் வரை காத்திருங்கள். முழு மண்டபத்தையும் ஒரே படத்தில் அடைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு குளம்பு, அதன் கீழே நசுங்குகிற வீரன் முகம், போதும். கோயிலுக்குள் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா, போன் இரண்டுக்குமே அனுமதி இல்லை, அதற்காகப் போய் ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. தினமும் குடியாத்தத்தில் இருந்து பஸ்ஸில்தான் வருகிறீர்கள் என்றால் உங்களிடம் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. புகைப்படக்காரர் ரகுபீர் சிங் அம்பாசிடர் காருக்குள் உட்கார்ந்து, அதன் கதவு, ஜன்னல், முன்கண்ணாடி எல்லாவற்றையும் சட்டமாக வைத்து இந்தியா முழுக்க எடுத்தார். ஒரே படத்துக்குள் மூன்று நான்கு தனித்தனிக் காட்சிகள் இருக்கும், ஆனாலும் குழப்பமே இருக்காது. பஸ் ஜன்னல் கம்பியையும் அப்படிப் பயன்படுத்தலாம். கம்பியை மறைக்கப் பார்க்காமல், அது எதைப் பிரிக்கிறது என்று பாருங்கள்.


குடியாத்தம்_தறி எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. செவ்வாய்க்கிழமை பொய்கைக்குப் போய்விட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ஸ்டுடியோ சார் சொன்னபடி ஆளைத் தேடாமல் பின்னணியைத் தேடினேன். புளிய மரத்தடியில் மயிலை மாடு இரண்டு அடுத்தடுத்துக் கட்டியிருந்தார்கள். மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். முதலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அந்த மாட்டுக்கே பேரம் வந்தது. இணைத்திருக்கும் முதல் படம் அதுதான். சாம்பல் நிற மாட்டு உடம்புக்கு முன்னால் பச்சைத் துண்டு, இரண்டு முழங்கை, தரகர் முகத்தில் பாதி. இந்தப் படத்தை எங்கள் ஆபீஸில் காட்டியபோது "விரல்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்கள். அடுத்த படத்துக்குத் தள்ளவில்லை.

இரண்டாவது, எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டியிருந்தபோது எடுத்தது. லுங்கி நெசவுக்கான நூல். தெருவின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை இழை இழையாக ஓடும். இதைப் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன், படமாகத் தெரிந்ததே இல்லை. நூலுக்குப் பக்கத்தில் மிகத் தாழ்வாக உட்கார்ந்தேன். எல்லா இழையும் கஞ்சி தடவுகிறவரை நோக்கிப் போகிறது.

ஆயா படம் மூன்றாவது. கதவு வெளிச்சத்தில் உட்கார வைத்தேன், பக்கெட் இல்லை. "எதுக்குடி என்னை இழுத்தடிக்கிற" என்று திட்டிக்கொண்டே நறுக்கினார். அந்தத் திட்டும் முகத்தில் இருக்கிறது.

இப்போது மூன்று சந்தேகம். அகழியைக் காலையில் எடுத்தபோது கொத்தளம் நன்றாக வந்தது, ஆனால் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. வெட்டினேன். இப்படிப் பிறகு வெட்டுவது சரியா? சிலர் கேமராவிலேயே முழுதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது, வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோகிற திருவிழா. தெருவே தெரியாத கூட்டம். அங்கே பின்னணியை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்றாவது, ஆயா படத்தைப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட ஆசை. எந்த அளவு சொல்ல வேண்டும்?


பழைய_ஸ்டுடியோ எழுதியது:

அம்மா, சந்தைப் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தரகர் முகத்தைப் பாதியோடு நிறுத்தினாயே, அது ரொம்ப நல்ல முடிவு. முழு முகம் வந்திருந்தால் படம் அவரைப் பற்றியதாக ஆகியிருக்கும். இப்போது துண்டைப் பற்றியது.

பாவு படத்திலும் ஒன்று சொல்கிறேன். கோடு ஓடினால் மட்டும் போதாது, போய்ச் சேரும் இடத்தில் ஏதாவது நடக்க வேண்டும். கஞ்சி தடவுகிறவர் தலை பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் தனியாக விழுந்திருக்கிறது, அதனால் அவ்வளவு தூரத்திலும் தெரிகிறார். அடுத்த தடவை அவர் கை மேலே போகும் நேரத்தில் அழுத்து. உடம்போடு ஒட்டிய கை கட்டையாகத் தெரியும், விலகிய கைதான் வேலை செய்கிற கை.

வெட்டுவது பற்றி. கார்ட்டியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ்தான், உன்னுடையது மாதிரி. எடுத்த படத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த நேரத்தில் திருவண்ணாமலையில் இருந்தவர். அன்றைக்குத் திருவண்ணாமலை நம்ம வடாற்காடு மாவட்டம்தான், அதனால் நம்ம மண்ணை மிதித்தவர் என்று எனக்குத் தனியாக ஒரு பிரியம். ஆனால் அவருடைய படங்களில் ரொம்பப் பேர் பெற்ற ஒன்று, பாரிஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஆள் தேங்கின தண்ணீரைத் தாண்டுவது, 1932ல் எடுத்தது, வெட்டிய படம்தான். வேலிச் சந்து வழியாக எடுத்ததில் ஒரு பக்கம் மறைத்துவிட்டது. ஆகவே வெட்டலாம், பாவமில்லை.

ஸ்டுடியோவில் நாங்கள் வெட்டித்தான் கற்றுக்கொண்டோம். கறுப்பு அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொள், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகூடப் போதும். ஒரு எல் துண்டைப் படத்தின் மேல் மூலையிலும் இன்னொன்றைக் கீழ் மூலையிலும் எதிரெதிராக வைத்தால் ஒரு சட்டம் ஆகும். அதைச் சுருக்கிச் சுருக்கிப் பார். எந்த இடத்தில் படம் இறுகுகிறதோ அங்கே நிறுத்து. போனில் விரலால் கிராப் பண்ணுவதும் அதே வேலைதான், ஆனால் அட்டை கையில் இருந்தால் நிதானம் வரும். கொஞ்ச நாள் இதைச் செய். அப்புறம் எடுக்கும்போதே "இதை எப்படியும் வெட்டப் போகிறேன்" என்று தெரிந்து நீயே ஓரடி முன்னால் போய்விடுவாய். வெட்டுவதின் பலன் அதுதான்.

சிரசுக்கு வருகிறேன். அங்கே கூட்டத்துக்குள் நின்றால் முதுகும் தூக்கிய போனும்தான் கிடைக்கும். உனக்கு ஊர் தெரியும், இது பெரிய வசதி. முந்தின நாளே ஊர்வல வழியை நடந்து பார். தெரிந்தவர் வீட்டு மாடி ஒன்று தேர்ந்தெடு, ரொம்ப உயரம் வேண்டாம், முதல் மாடி போதும். மேலே இருந்து பார்க்கும்போது கூட்டத்துக்குப் பின்னணி கூட்டமேதான். தலை தலையாக ஒரே மாதிரி நிறைந்திருக்கும், அதன் நடுவே அம்மன் சிரசு ஒன்றுதான் வேறாக இருக்கும். பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. ஒரே மாதிரி இருக்கும் ஆயிரத்துக்கு நடுவில் மாறி இருக்கும் ஒன்று எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். மேல் ஓரத்தில் வானமோ கரண்ட் கம்பியோ வராமல் படம் முழுக்கக் கூட்டத்தையே நிரப்பு. ஓரம் வரை தலை இருந்தால்தான் வெளியேயும் கூட்டம் இருக்கிறது என்று தோன்றும்.

ஊர்வலம் தாண்டியதும் கீழே இறங்கிவிடு. அப்போது கூட்டம் கலையும், சுவர் தெரியும், படிக்கட்டு தெரியும். தேங்காய் சிதறுகிற இடம், வேண்டுதல் முடித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள், தோளில் தூங்கிப்போன குழந்தை. மே மாதத்து வெயில், நடுப்பகலில் எல்லோர் கண்ணுக்கும் கீழே கறுப்பு நிழல் விழும். பந்தல் நிழலுக்குள் இருப்பவர்களை மட்டும் எடு. ஒருவர் வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவை இறக்கிவிடு, அதில் பேச்சே கிடையாது.

பிரிண்டுக்கு அளவு கேட்டாய். உன் கேமராவின் சட்டம் 3க்கு 2. அந்த விகிதத்தில் வருவது அங்குலக் கணக்கில் 4க்கு 6, 8க்கு 12, 12க்கு 18. இந்த மூன்றிலும் ஓரம் வெட்டுப்படாது. 8க்கு 10 சொன்னால் நீளத்தில் ஓரம் போகும், உன் ஆயா படத்தில் அது கத்தரிக்காய்த் தட்டாகத்தான் இருக்கும். போனில் எடுத்தது வழக்கமாக 4க்கு 3, அதை 4க்கு 6ல் போட்டால் ஒரு பக்கம் வெட்டியே ஆக வேண்டும். கடைக்காரர் மெஷின் எங்கே வெட்டும் என்று நமக்குத் தெரியாது, அதனால் அந்த அளவுக்கு நீயே வெட்டிக் கொடு. வெட்டாமல் அப்படியே போட்டு வெள்ளை ஓரம் விடச் சொன்னாலும் அழகாகத்தான் இருக்கும்.

ஆயா படத்துக்கு 12க்கு 18 அளவில் மேட் காகிதம், அதாவது பளபளக்காதது, சொல். கதவு வெளிச்சம் என்பதால் ஒரு பக்கம் கறுப்பு நிறைய இருக்கிறது, கிளாஸி போட்டால் எதிர் ஜன்னல் அதில் பளபளக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன் 4க்கு 6ல் ஒன்று போட்டுப் பார், ஸ்க்ரீனில் தெரிவதைவிடக் காகிதத்தில் கொஞ்சம் இருட்டாக வரும். இருட்டாக இருந்தால் ஃபைலில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிவிட்டுப் பெரியதைப் போடு. பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல். நம்ம ஊர் வெக்கையிலும் மழை நாள் ஈரத்திலும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வராது.